கடைமடைக்கும் கீழே

ஆடி பிறந்து மூன்றாம் நாள்.
கோரையாற்று முகத்துவாரத்தில்
சேக்தாவூது மோட்டாரை நிறுத்துகிறார்.
இனிமேல் கழிதான்.
முழங்கால் தண்ணீர்,
அதற்குக் கீழே எவ்வளவு சேறு என்பது
இறங்கியவளுக்குத்தான் தெரியும்.

என்னிடம் மஞ்சள் அட்டை போட்ட பதிவேடு ஒன்று,
எழுதுகிற பேனா, பல்லில் கடித்த பேனா,
கழுத்தில் தொங்கும் உப்புமானி.
வனச்சரக அலுவலகத்தில் நான் தற்காலிகக் கணக்கெடுப்பாளர்.
வவுச்சரில் மட்டும் தையல்நாயகி.

காயலில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு
மூடியை அமுக்கி
வானத்தைப் பார்க்க வேண்டும்.
உள்ளே பாதி நீலம், பாதி வெள்ளை.
இரண்டும் தொட்டுக்கொள்ளும் கோடு
இன்று நாற்பத்தேழில் நிற்கிறது.
கடலே முப்பத்தைந்துதான்.

மூன்றாம் கிளை வாய்க்கால்.
மீன்முள் மாதிரி வெட்டியது.
ஓதம் நடுமுள்ளில் ஏறி
விலாவெல்லாம் நனைத்துவிட்டு
வந்த வழியே இறங்க வேண்டும்.
வாய் தூர்ந்துவிட்டது.
ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல்
கிடந்து காய்ந்து
உப்பளமாகப் பார்க்கிறது.

நட்டது இருநூறு அலையாத்தி.
உயிருடன் பதினொன்று.
ஒன்றை இரண்டு தரம் எண்ணி
பன்னிரண்டு என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.

இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும்.
குடித்த உப்பை இலை வழியே தள்ளித்தான்
இது இவ்வளவு நாள் பிழைத்தது.
தள்ளுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது.
ஆற்றுத் தண்ணீர் கொஞ்சமாவது
வந்து கலக்க வேண்டும்.

படகில் சேக்தாவூதின் போன் செய்தி சொல்கிறது:
வீணாகக் கடலில் கலக்கும் காவிரி.
எந்த ஊரில் என்று கேட்கிறார் அவர்.
நான் சிரிக்கவில்லை.
நேற்றுச் சாப்பாட்டில் கொழுந்தன் பக்கிரிசாமி
தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:
"என் நாலு மாவுக்கே இன்னும் முறை வரல.
ஒன் மரத்துக்குத் தண்ணி வேணுமாக்கும்."
அவன் குறுவை வெடித்துக் கிடப்பதை
நானும் பார்த்தேன்.
அவன் வயல் கடைமடை.
காடு அதற்கும் கீழே.
முறை வைக்கிற எந்தப் பட்டியலிலும்
அதற்குக் கிழமை இல்லை.

திரும்பும்போது
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்
மதிலழகனின் பழைய இறால் குளம்.
புயலில் உடைந்த கரையை அவர் கட்டவில்லை.
உடைப்பு வழியே ஓதம் போகிறது, வருகிறது.
"அங்க ஏதோ பச்சையா இருக்கு" என்றார் சேக்தாவூது.
உமிரியாக இருக்கும் என்று இறங்கினேன்.

அலையாத்தி.
வரிசை இல்லை, இடைவெளி இல்லை,
இரண்டிலையும் நாலிலையும்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.
சில கன்றைச் சுற்றி
மூச்சுவேர் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது.
ஒரு முளையில் சிக்கியிருந்தது
காதோலைச் சுருள்.
போன பெருக்கில் மேற்கே யாரோ விட்டது.
குளத்தின் மூலையில் வடிகால் குழாய்.
மார்கழி மழையில் சம்பா மூழ்கியபோது
பக்கிரிசாமி ராத்திரியோடு ராத்திரியாக
வெட்டிவிட்ட தண்ணீரெல்லாம்
இதன் வழியாகத்தான் வந்திருக்கிறது.
அவனிடம் சொன்னால்
கோபம் வருமா, சிரிப்பு வருமா தெரியவில்லை.

ஒரு சொட்டு. வானம்.
கோடு முப்பத்து மூன்றில்.

பதிவேட்டில் கட்டங்கள்:
நட்ட தேதி, நட்டவர், உயிருடன், பட்டது.
நட்டவர் கட்டத்தில் யாரை எழுத?
கல்லுக்கு வெளியே எண்ணாதே என்பார் ரேஞ்சர்.
கடல் ஏறுகிறது, காடு பின்வாங்கி நடக்கிறது,
கல்லை நட்டவர்கள் ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.
தையில் கரையைக் கட்டி
மறுபடி இறால் விடப்போவதாக
மதிலழகன் டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.
தைக்கு இன்னும் ஆறு மாதம்.

அட்டையின் பின்பக்கம் திருப்பி
எண்ணத் தொடங்கினேன்.
நூற்று ஆறு, நூற்று ஏழு.
"தண்ணி வத்துதும்மா, படகு தட்டிரும்!"
திரும்பிப் பார்த்ததில்
விட்ட இடம் தவறிவிட்டது.

இருங்க பாய் என்று கையைக் காட்டிவிட்டு
குழாய் மூலையிலிருந்து
மறுபடி
ஒன்று.